கிடங்கில் கிடக்கும் ஓடைப்பாக்கத்துக் கப்பு

அனுப்புநர்:
மு. காத்தவராயன்,
த/பெ. முனியன்,
காலனித் தெரு, ஓடைப்பாக்கம்,
விருத்தாசலம் வட்டம்.

பெறுநர்:
உயர்திரு கோட்டாட்சியர் அவர்கள்.

பொருள்: சட்டமன்றத் தேர்தலின்போது என் மாட்டு வண்டியிலிருந்து பறிமுதல் செய்யப்பட்டு, வழக்கு முடிந்த பிறகும் கிடங்கில் இருந்துவரும் பீங்கான் கப்புகளை, கிடங்கு இடிபடுவதற்கு முன்பாகவும், எங்கள் முன்னாள் எம்.எல்.ஏ. திரு. பழமலைநாதன் அவர்களால் டீ விழுங்க முடிகிற காலத்திலேயும் திருப்பித் தர வேண்டுதல் தொடர்பாக.

இணைப்பு: நீதிமன்ற உத்தரவு நகல்.

மதிப்பிற்குரிய அய்யா,

1. வணக்கம். நான் பள்ளிக்கூடம் போகாதவன். கையெழுத்துக்குப் பதில் பெருவிரல்தான். இந்த மனுவை நான் சொல்லச் சொல்ல, ஆபீஸ் வாசலில் புங்கமரத்து நிழலில் மேசை போட்டு மனு எழுதித் தரும் மதிவாணன் எழுதுகிறார். "பெரியவரே, மனுன்னா ஒரு பக்கம். அதுக்கு மேல போனா அதிகாரிங்க படிக்க மாட்டாங்க" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். ஒரு பக்கத்தில் சொல்லக்கூடிய விஷயமாக இருந்திருந்தால் என்றைக்கோ தீர்ந்திருக்கும். ஆகையால் தாங்கள் பொறுமையோடு படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

2. என் பேச்சு நடுவில் எங்காவது போய்விடும் என்பதால், கேட்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆற்றங்கரைப் பக்கம் உள்ள பழைய கிடங்கில், வடக்கு மூலையில், சாக்குக்குள் வைக்கோல் சுற்றிய பீங்கான் கப்புகள் இருக்கின்றன. ஜன்னல் வழியாக நானே பார்த்தேன். அவை எனக்கு வேண்டும். எல்லாவற்றையும் கொடுக்கச் சட்டத்தில் வழியில்லை என்றால், உள்பக்கம் அடியில் நீல எழுத்தில் 'ஓடைப்பாக்கம்' என்று எழுதியிருக்கும் ஒரே ஒரு கப்பையாவது கொடுக்க வேண்டும்.

3. அந்தக் காலத்தில் என்னிடம் ஒரு வண்டியும் ஒரு ஜோடி மாடும் இருந்தன. செராமிக் கம்பெனிகளில் சூளையிலிருந்து இறக்கிய பியூஸ் கட்டை, கம்பத்தில் மாட்டும் பீங்கான், பொம்மை எல்லாவற்றையும் வைக்கோல் வைத்து அடுக்கி ரயிலடிக்குக் கொண்டுபோவது என் தொழில். மாட்டில் இடப்பக்கத்து மயிலைக் காளைக்கு ஒரு கெட்ட பழக்கம். டீக்கடையைக் கண்டால் அதுவாகவே நின்றுவிடும். நான் இறங்கி டீ குடித்து, கிளாஸைக் கழுவி வைக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் நகரும். இதை வேண்டாத கதை என்று மதிவாணன் எழுதாமல் இருக்கப் பார்த்தார். எழுதச் சொன்னேன். மாடு பின்னால் வரும்.

4. பழமலைநாதன் அவர்கள் சேத்தியாத்தோப்பு ரோட்டுப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். நிலம் அண்ணன் தம்பிகளுக்குப் போதவில்லை என்று சின்ன வயசிலேயே விருத்தாசலம் வந்து சூளை வேலையில் சேர்ந்தார். சூளையின் ஓட்டை வழியாகத் தீயின் நிறத்தைப் பார்த்துப் பார்த்து அவருடைய ஒரு கண் எப்போதும் லேசாகச் சுருங்கியே இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் அவர் கண்ணடிக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால் வந்த சண்டைகள் தனி. கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடியபோது கூலிக்காக முன்னால் நின்று பேசியவர் அவர். எங்களுக்கு அவர் தலைவர். நான் இன்றைக்கும் "தலைவரே" என்றுதான் கூப்பிடுவேன்.

5. வோட்டு மெஷின் புதிதாக வந்த தேர்தலில் அவரைச் சுயேச்சையாக நிற்க வைத்தோம். அவர் கேட்ட சின்னம் கிடைக்கவில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் கப்பும் சாசரும் வந்தது. பீங்கான் ஊர்க்காரனுக்குப் பீங்கானே வந்துவிட்டது என்று டவுனில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கிராமத்தில் யாருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. எங்கள் பக்கம் டீ என்றால் கிளாஸ், இல்லாவிட்டால் லோட்டா. கப்புக்கு அடியில் தட்டு வைத்துக் குடிப்பவர்கள் யார்? நோட்டீஸை நீட்டினால், "இன்னாடா இது, காது வெச்ச அகல் வெளக்கா?" என்று கேட்டார்கள். ஒரு ஊரில் ஒரு அம்மா, "தம்பி, நீ நல்லவனாத்தான் தெரியுற, ஆனா மண்டை ஓட்டுல போய் வோட்டு கேக்குறியே" என்று சொல்லிவிட்டது.

6. அதற்காக நாங்கள் செய்ததுதான் இந்தக் கப்புகள். செராமிக் ஊர்க்காரனுக்கு ஒரு பொருளை விளக்க வேண்டும் என்றால் வாயால் சொல்லத் தெரியாது, செய்துதான் காட்டத் தெரியும். ஊருக்கு ஒன்று வீதம் கப்பும் சாசரும் செய்து, மெஷினில் அமுக்க வேண்டியது இதுதான் என்று கையில் கொடுத்துக் காட்டுவது என்று முடிவு ஆனது. கம்பெனியில் பூ வரைகிற அன்புக்கரசி ஒவ்வொரு கப்பிலும் ஊர் பெயரை எழுதியது. வெளியே எழுதினால் விளம்பரம் போல இருக்கும், உள்ளே அடியில் எழுது, டீயை முழுசாகக் குடித்தால் தங்கள் ஊர் பெயர் தெரியட்டும் என்று சொன்னவர் தலைவர்தான். பியூஸ் கட்டைகளோடு சேர்த்து ஒரே சூளையில் வைத்து எடுத்தோம். சாசர் எல்லாம் சூட்டில் அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. கப்பு நன்றாக வந்தது.

7. இதில் ஒரு பேச்சு எழுந்தது. அதைச் சொல்லாமல் இந்த மனு விளங்காது. எங்களோடு வேலை செய்த ஊர்த்தெருக்காரர் குருமூர்த்தி, "தலைவரே, ஊருக்கு ஒன்னு, காலனிக்கு ஒன்னுன்னு தனியா போட்டுடலாம். இல்லன்னா பிரச்சன வரும்" என்றார். தலைவர் சுருங்கிய கண்ணோடு அவரைப் பார்த்தார். "ஏன், காலனிக்குத் தனி மெஷினா வெக்கப் போறாங்க? எல்லாரும் ஒரே பட்டனத்தானே அமுக்கணும். ஒரே கப்பு" என்றார். ஊரும் காலனியும் ஒரே கப்பில் டீ குடிப்பது அப்போது எங்கள் பக்கம் நடக்காத காரியம். பல டீக்கடையில் எங்களுக்குத் தனி கிளாஸ் ஓலையில் சொருகியிருந்த காலத்தைப் பார்த்தவன் நான். வைக்கோல் பிரி திரித்துக்கொண்டிருந்த நான், அவர் சொன்னதைக் கேட்டுத் திரிப்பதை நிறுத்திவிட்டேன்.

8. கப்புகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு பெண்ணாடம் ரோட்டில் போகும்போது தேர்தல் அதிகாரிகள் ஜீப்பைக் குறுக்கே போட்டு நிறுத்தினார்கள். வாக்காளருக்குப் பரிசுப் பொருள் கொடுப்பது குற்றம் என்றார்கள். தலைவர் வண்டியிலிருந்து இறங்கி, "சார், ஊருக்கு ஒரு கப்பு. ஒரு கப்புக்காக ஒரு ஊரே வோட்டு போடுமா?" என்று கேட்டார். "ஒன்னா இருந்தாலும் பொருள் பொருள்தாங்க" என்றார் அந்த அதிகாரி. அவரும் மரியாதையாகத்தான் பேசினார். சட்டப்படி தன் வேலையைச் செய்தார். அவர் மீது எனக்குக் குறை இல்லை. கப்புகள் சாக்கோடு போயின. என் மீதும் தலைவர் மீதும் வழக்கு.

9. கூட்டம் கூடிவிட்டது. அந்த ரோட்டிலேயே, எல்லோரும் பார்க்க, தலைவர் என் வண்டிச் சக்கரத்தின் மேல் ஏறி நின்று சொன்னது இது: "இந்தக் கப்பு எப்ப வெளிய வருதோ அன்னிக்குத்தான் இனிமே எனக்கு டீ. அதுவும் மொதல் டீ, இந்த வண்டிக்காரன் காத்தவராயன் காலனியில, ஓடைப்பாக்கம் கப்புல." சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "ஆராயிகிட்ட சொல்லி வைப்பா" என்றார். ஆராயி என் மனைவி. நாளுக்குப் பத்து டீ குடிக்கிற மனிதர் அய்யா. சூளை வேலைக்காரர்கள் எல்லோருமே அப்படித்தான். அவர் பேச்சு எனக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது.

10. கப்பை அரெஸ்ட் பண்ணிவிட்டார்கள் என்று தொகுதி முழுக்கப் பரவியது. காது வைத்த அகல் விளக்கு என்று சொன்னவர்கள்கூட, "அரெஸ்ட்டு ஆச்சே, அந்தக் கப்பு எங்கருக்குது?" என்று தேடிப் பிடித்து அமுக்கினார்கள். தலைவர் எம்.எல்.ஏ. ஆனார். அந்த அதிகாரி பிடிக்காமல் விட்டிருந்தால் தோற்றிருப்பார் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

11. அவர் எம்.எல்.ஏ.வாக இருந்த காலத்தைப் பற்றி நான் சொல்ல ஆரம்பித்தால் மதிவாணனுக்குக் காகிதம் போதாது. சென்னையில் எம்.எல்.ஏ. விடுதியில் அவருக்குக் கொடுத்த அறையில் கட்டிலில் படுத்தவர்கள் எல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்த நம் ஊர் நோயாளிகள். என் தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது நானும் அங்கே இருந்தேன். தலைவர் வராந்தாவில் பாய் போட்டு, தலைக்குச் சட்டசபைப் புத்தகத்தை வைத்துப் படுத்திருந்தார். "தடிமனான புத்தகம்தான் குடுக்குறாங்க, ஒசரம் சரியா இருக்குது" என்றார். சட்டசபை கேன்டீனில் வடையை எடுத்துக்கொண்டு டீயைத் திருப்பி அனுப்புவாராம். மற்ற எம்.எல்.ஏ.க்கள், "வாங்க, டீ குடிக்காதவரே" என்றுதான் கூப்பிடுவார்களாம். தொகுதிக்கு வந்தால் கார் போகாத இடத்துக்கு என் வண்டியில்தான் வருவார். நான் முன்பே சொன்ன மயிலை ஒவ்வொரு டீக்கடையிலும் நிற்கும். நான் இறங்கிக் குடித்து வரும் வரை எம்.எல்.ஏ. வண்டியில் உட்கார்ந்திருப்பார். "வாசனைய மட்டும் இந்தப் பக்கம் அனுப்புப்பா" என்பார். அந்த வருஷங்களில் கண்ட சந்தோஷத்தை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. எங்கள் காலனிக்குத் தார் ரோடு, தண்ணீர் டேங்க், வரப்பில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு தடுமாறாமல் போகச் சுடுகாட்டுப் பாதை, மூன்றும் அவர் காலத்தில் வந்தவை.

12. ஆனால் டீ குடிக்கவில்லை. ஜெயித்த கையோடு எங்கள் காலனிக்கு வந்தபோது ஆராயி எவர்சில்வர் டம்ளரில் ஏலக்காய் தட்டிப் போட்டு டீ கொண்டுவந்து நீட்டியது. அவர் கும்பிட்டு, "தாயி, கப்பு வரட்டும். இப்போ தண்ணி குடு" என்றார். செம்பை வாங்கி அண்ணாந்து குடித்தார். அய்யா அவர்களுக்கு ஒன்று தெரிவிக்க வேண்டும். செம்பில் வாய் படாமல் அண்ணாந்து குடிப்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் உள்ள பழக்கம், அதில் தப்பு இல்லை. ஆனால் டீயை அப்படிக் குடிக்க முடியாது, வாய் வைத்தே ஆக வேண்டும். ஆகையால் ஊர்க்காரர் ஒருவர் காலனிக்கு வந்தால், தண்ணீர் குடித்தாரா என்று நாங்கள் பார்ப்பதில்லை, டீ குடித்தாரா என்றுதான் பார்ப்போம். அவர் போன பிறகு ஆராயி அந்த டீயைச் சாக்கடையில் ஊற்றியது. "யோவ், ஒன் தலைவருக்கு எங்க டம்ளரு சுட்டுடுமா?" என்றது. அவர் சபதத்தைச் சொன்னேன். "கேட்டேன் கேட்டேன்" என்று மட்டும் சொன்னது.

13. அந்தக் கேள்வி ஆராயியோடு நிற்கவில்லை. அவர் எல்லா ஊரிலும், எல்லா வீட்டிலும் டீ குடிக்காமல்தான் வந்தார். ஊர்த்தெருவில் அதை யாரும் தப்பாக எடுக்கவில்லை. அங்கே அது ஒரு மனிதரின் சபதம். காலனிகளில் அது வேறாகத் தெரிந்தது. அடுத்த தேர்தல் வந்தபோது எதிரில் நின்றவர்கள் இதைக் கையில் எடுத்தார்கள். "எம்.எல்.ஏ.வா இருக்குறவருக்கு ஒரு சாக்குக் கப்ப வெளிய எடுக்க முடியாதா? ஒரு போன் போதும். எடுக்க மாட்டேங்கறாரு. ஏன்? எடுத்துட்டா குடிச்சாகணும்ல?" என்று பேசினார்கள். ஆராயி குழாயடியிலேயே சொன்னது: "எந்த வூட்லயும் வாய் வெக்காம இருக்க ஒரு சபதம்னா, நல்ல சபதம்யா அது!"

14. போன் போட்டால் வந்திருக்கும் என்பது உண்மைதான் அய்யா. நானே கேட்டேன். ஒருநாள் வண்டியில் போகும்போது, "தலைவரே, ஒரு வார்த்த சொல்லுங்க, நானே போயி ஏத்திக்கிட்டு வரேன்" என்றேன். அவர் சொன்னார்: "கேஸு என் மேல இருக்குது காத்தவராயா. எம்.எல்.ஏ.ன்னு சொல்லி அந்தப் பூட்ட தொறந்தா, நான் எடுக்குறது கப்பு இல்ல, திருட்டுப் பொருளு. அதுல ஒன் பொஞ்சாதி போடுற டீய குடிக்கச் சொல்றியா?" ஒரு போனில் எல்லாம் முடிகிற பதவியில் இருந்துகொண்டு, அந்த ஒரு போனை மட்டும் போடாமல் இருந்தவர் அவர். அதனாலேயே எங்கள் ஜனங்கள் அவரைச் சந்தேகப்பட்டார்கள். தேர்தலுக்கு முன்னால் ஒரு டீயைக் குடித்துவிடுங்கள், சபதம் பார்த்தால் வோட்டு போய்விடும் என்று குருமூர்த்தி கையைப் பிடித்துக் கெஞ்சினார். "வோட்டுக்காகக் காலனியில டீ குடிக்குற ஆளுங்க நெறைய இருக்காங்க. நான் எதுக்கு?" என்றார் தலைவர்.

15. தோற்றார். காலனி வோட்டு விழவில்லை. எங்கள் வாக்குச்சாவடியிலேயே விழவில்லை. ஆராயி தான் போடவில்லை என்று வெளிப்படையாகவே சொல்லும், இன்றைக்கும் சொல்லும்.

16. அதற்குப் பிறகு வழக்கு முடிந்தது. குற்றம் இல்லை என்று தீர்ப்பு வந்து, பொருளை உரியவரிடம் கொடுக்கவும் உத்தரவானது. நான் வண்டியைக் கழுவி, மாட்டுக்குப் பொட்டு வைத்து, தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் மறுத்துவிட்டார். "தோத்தவன் இப்ப போயி டீ குடிச்சா, அடுத்த எலெக்ஷனுக்கு வேஷம் கட்டுறான்னு சொல்லுவாங்க. கெடக்கட்டும்பா. சர்க்காரு கிட்ட பத்திரமா இருக்கும், நம்ம வூட்டுல இருந்தா ஒடஞ்சிருக்கும்" என்றார். மறுபடியும் அவர் தேர்தலில் நிற்கவே இல்லை. முன்னாள் எம்.எல்.ஏ.வுக்குக் கொடுக்கும் பஸ் பாஸை வைத்துக்கொண்டு திட்டக்குடிக்கும் கடலூருக்கும் யார் யாருடைய வேலைக்கோ அலைந்தார். பட்டா, முதியோர் பணம், ரேஷன் கார்டு என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் ஏறியவர்களில் அவருக்கு வோட்டுப் போடாதவர்கள்தான் அதிகம். கிளார்க் டீ வாங்கிக் கொடுத்தால், தன்னோடு வந்தவருக்குத் தள்ளிவிடுவார். மயிலை செத்தது, வண்டி விறகானது. நானும் தொழிலை விட்டேன். கப்பை மறந்தேன் என்றே சொல்ல வேண்டும்.

17. போன வருஷம் தலைவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் வரவில்லை. ஆளை அடையாளம் தெரிவதில்லை. மனைவி அம்புஜவல்லி அம்மாள் பெயரே அவருக்கு நினைவில் இல்லை, "ஏம்மா, நீங்க எந்த ஊரு?" என்று அவர்களையே கேட்கிறார். ஆனால் ஊர் பெயர் சொன்னால் மட்டும் தெரிகிறது. வெட்டுக்குளம் என்று ஒருவர் சொன்னால், "வெட்டுக்குளத்துக்கு மினி பஸ்ஸு உட்டாச்சு. ஸ்கூலுக்கு காம்பவுண்டு பாக்கி" என்கிறார். தொகுதி முழுக்க அப்படியே உள்ளே இருக்கிறது.

18. மாசி பிறந்ததும் ஆராயியையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். வர மாட்டேன் என்றது. "அந்த வூட்டுல எனக்கு இன்னா வேல?" என்றது. பிறகு அதுவாகவே புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றது. தலைவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். அம்புஜவல்லி அம்மாள் எங்கள் இரண்டு பேரையும் நாற்காலியில் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். அவருக்கும் ஒரு டம்ளரில் கொண்டுவந்து, "இன்னிக்காவது ஒரு வாய் குடிங்களேன்" என்றார்கள். வாயை இறுக்கி மூடிக்கொண்டார். கஞ்சி குடிக்கிறார், இளநீர் குடிக்கிறார், டீ என்றால் மட்டும் இப்படித்தான் என்று சொல்லி அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஏன் என்று அவருக்கே நினைவு இருக்காது என்றுதான் நானும் நினைத்தேன்.

19. அப்போது ஆராயியைப் பார்த்து, "எந்த ஊரு தாயி?" என்று கேட்டார். பாதி வாய்தான் அசைந்தது. ஆராயி தரையைப் பார்த்துக்கொண்டே, "ஓடைப்பாக்கம். காலனி" என்றது. அவருடைய அந்தச் சுருங்கிய கண் இன்னும் கொஞ்சம் சுருங்கியது. "ஓடைப்பாக்கமா? ரோடு ஆச்சு. டேங்கு ஆச்சு. சுடுகாட்டுப் பாத ஆச்சு" என்று இடது கை விரலை ஒவ்வொன்றாக மடக்கினார். நாலாவது விரல் மடங்காமல் நின்றது. "டீ பாக்கி. கப்பு வந்துச்சா தாயி?" என்று கேட்டார்.

20. பஸ் ஏறி வீடு வந்து சேர்ந்தோம். ஆராயி அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, அடுப்பைப் பார்த்தே சொன்னது: "ஒடம்புல பாதி போயிட்டுது. பொஞ்சாதி பேரு போயிட்டுது. நம்ம வூட்டு டீய மறக்கலயேயா அந்த ஆளு. ஒலகத்துக்கு வேஷம் கட்டுறவன் அத மறந்துட மாட்டானா?" பிறகு, "நீ போயி அந்தக் கப்ப வாங்கிக்கிட்டு வா. டீ நான் போடுறேன்" என்றது.

21. என் குறை இதுதான் அய்யா. நான் உத்தரவு நகலோடு கிடங்குக்குப் போனேன். யாரிடமிருந்து பிடித்தார்களோ அவரே வர வேண்டும் என்றார்கள். நான்தான் அது என்றேன், ரேஷன் கார்டைக் காட்டினேன். சரி, ஆனால் தேடி எடுக்க ஆள் இல்லை என்றார்கள். மறுபடி போனேன். "இந்தக் கப்புக்கா பெருசு இவ்ளோ தூரம் வர? கடைத்தெருவுல கெடைக்கும் போ" என்று ஒருவர் சொன்னார். வயசில் சின்னவர், விஷயம் தெரியாமல் சொன்னார், அதை விட்டுவிடுகிறேன். கடைசியாகப் போனபோது, கிடங்கை இந்த மாதமே இடிக்கப் போகிறோம், இடிக்கும்போது வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். வாழ்நாள் முழுக்கப் பீங்கான் ஏற்றியவன் நான். மேலே கூரை விழுகிறபோது கீழே இருக்கிற பீங்கானை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

22. இது ஒரு கப்பு விஷயம் என்று தாங்கள் எண்ணிவிடக் கூடாது. பழமலைநாதன் அவர்கள் காலமானால் படம் வைப்பார்கள், பூ போடுவார்கள், பெரியவர்கள் எல்லாம் வந்து நல்லவர் என்று பேசுவார்கள். எங்கள் காலனிகளில் மட்டும், நல்லவர்தான், ஆனால் நம் வீட்டில் வாய் வைக்கவில்லை என்று சொல்லி முடிப்பார்கள். பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்வார்கள். செய்யாத ஒன்றுக்காகத் தோற்றவர் அந்தப் பேரோடு போகக் கூடாது. அவர் குடித்து எங்கள் ஜனங்கள் பார்த்தால்தான் அந்தப் பேர் போகும். நான் வாயால் எத்தனை சொல்லியும் போகவில்லை.

23. ஆகவே அய்யா அவர்கள் ஒரு ஆளை அனுப்பி, இடிப்பு வேலை தொடங்கும் முன்பாக அந்தச் சாக்கை எடுத்துத் தர உத்தரவிட வேண்டும். ஆள் கிடைக்கவில்லை என்றால் நானே உள்ளே போய் எடுக்க அனுமதித்தாலும் போதும், ஒன்றுகூட உடையாது. மற்ற ஊர் கப்புகளை அந்தந்த ஊரில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு. ஓடைப்பாக்கத்துக் கப்பு வந்ததும், ஆட்டோவில் மெத்தை போட்டுத் தலைவரை எங்கள் காலனிக்கு அழைத்துவர அம்புஜவல்லி அம்மாள் சம்மதித்திருக்கிறார்கள். அவர் போட்டுக் கொடுத்த ரோடு இன்னும் நன்றாகவே இருக்கிறது, ஆட்டோ குலுங்காது. ஊர்த்தெருவிலிருந்து குருமூர்த்தியும் வருகிறார். கப்பைத் தலைவரின் இடது கையில் கொடுத்து நான் தாங்கிக்கொள்வேன். அடியில் உள்ள நீல எழுத்து தெரிகிற வரை அவர் குடிக்க வேண்டும். ஆராயிக்கும் படிக்கத் தெரியாது, ஆனால் எழுத்து தெரிகிறதா இல்லையா என்று பார்க்கத் தெரியும்.

24. கடைசியாக ஒன்று, இது ஆராயி சொல்லச் சொன்னது. எங்கள் காலனியில் பால் மாடு ஒருவரிடம்தான் இருக்கிறது. விடியற்காலையிலேயே பால் முழுவதும் டவுனுக்குப் போய்விடுகிறது. முதல் நாளே சொல்லி வைத்தால்தான் நிறுத்திக் கொடுப்பார். எனவே கப்பு கிடைக்கும் தேதியை எங்களுக்கு ஒரு நாள் முன்னதாகத் தெரிவிக்குமாறு அய்யா அவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்குத் தாங்களும் இந்தப் பக்கம் வந்தால், தங்களுக்கும் சேர்த்துப் பால் சொல்லி வைக்கிறோம்.

இடம்: விருத்தாசலம்
நாள்: 10.03.2025

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
மு. காத்தவராயன்
(இடது கைப் பெருவிரல் ரேகை)

மனுதாரர் சொன்னபடி எழுதி, அவருக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன்.
மதிவாணன்